தேம்ஸில் மூன்று நாள்: படகைச் சுமந்து ஒரு பயணம்

பத்து வயதில் ஒகேனக்கல்லில் பார்த்த ஒரு காட்சி இன்னும் மறக்கவில்லை. எங்களை ஆற்றில் சுற்றிக் காட்டிவிட்டுக் கரையில் இறக்கிய பரிசல்காரர், அந்தப் பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைகளின் மேல் நடந்து போனார். தூரத்திலிருந்து பார்க்கப் பெரிய காளான் ஒன்று நடந்து போவது போலிருந்தது. "இவ்வளவு நேரம் அது நம்மளைச் சுமந்துச்சு. இப்போ அவர் அதைச் சுமக்கிறார்" என்றார் அப்பா.

அப்பா அன்று சொன்னதற்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'போர்ட்டேஜ்' என்று ஒரு சொல் இருப்பது லண்டனுக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அருவியோ தடுப்பணையோ குறுக்கே வரும் இடத்தில் கரையேறி, படகையும் மூட்டைகளையும் சுமந்து நடந்து, மறுபக்கம் மீண்டும் நீரில் இறங்குவதற்குத்தான் அந்தப் பெயர். கனடாவின் காடுகளில் மென்மயிர் வணிகம் நடந்த காலத்தில் படகோட்டிகள் தலைக்கு இரண்டு கட்டு வீதம், ஒவ்வொன்றும் சுமார் 41 கிலோ, முதுகில் ஏற்றி நடந்தார்கள். கிராண்ட் போர்ட்டேஜ் என்ற புகழ்பெற்ற சுமைப்பாதையின் நீளம் 13 கி.மீ.க்கு மேல். டொராண்டோ வாசகர்களுக்கு அல்கோன்குவின் பூங்காவின் ஏரிகள் நினைவுக்கு வரலாம். 1893-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில் இன்றும் கோடையில் ஆயிரக்கணக்கானோர் கனூவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஏரி நடக்கிறார்கள்.

லண்டனில் இருப்பவனுக்கு அந்தக் காடு இல்லை. ஆனால் தேம்ஸ் இருக்கிறது. சென்ற ஆண்டுகளில் ஒருமுறை தோற்று, மறுமுறை முடித்த மூன்று நாள் பயணத்துக்கு எப்படித் திட்டமிட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே ஆசை உள்ளவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு தகவல் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, கூடப் படித்தவன் ஒருவன் காவிரியில் குளிக்கப் போய்ச் சுழலில் சிக்கித் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆற்றுப் பக்கம் போகத் தடை. நான் நீச்சல் கற்றுக்கொண்டது முப்பத்து மூன்று வயதில், லண்டன் நகராட்சிக் குளம் ஒன்றில். பக்கத்துத் தடத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் மீன்போல் போய்க்கொண்டிருக்க, நான் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். ஆகவே தண்ணீரைப் பற்றி நான் எழுதுவது பயந்தவன் எழுதுவது. அதில் ஒரு நன்மையும் உண்டு.

துணைக்கு வந்தவர் என் அலுவலக நண்பர். பருத்தித்துறையில் கடலோரம் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய பதினான்கு வயது மகனும் வந்தான்.

எந்த ஆறு, எந்தப் பகுதி?

இங்கிலாந்தில் விரும்பிய ஆற்றில் படகை இறக்கிவிட முடியாது. பெரும்பாலான ஆறுகளின் கரையும் படுகையும் தனியார் சொத்து. படகோட்டும் உரிமை தெளிவாக உள்ள ஆறுகள் கொஞ்சம்தான், அவற்றில் ஒன்று தேம்ஸ். கூடாரம் அடிப்பதிலும் இதே சிக்கல். நில உரிமையாளரைக் கேட்காமல் திறந்தவெளியில் இரவு தங்கும் உரிமை இங்கிலாந்தில் டார்ட்மூர் பகுதியில் மட்டுமே உண்டு. அதற்கே வழக்கு நடந்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது.

தேம்ஸ் முழுக்க ஒரே மாதிரியான ஆறு அல்ல. மேற்கு லண்டனில் டெடிங்டனுக்குக் கீழே அது கடலின் பிடியில் இருக்கிறது. லண்டன் பாலத்தருகே பெருவேலியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 7 மீட்டர் வேறுபாடு. எங்களைப் போன்ற புதியவர்களுக்கு அது இடமல்ல. டெடிங்டனுக்கு மேலே லெச்லேடு என்ற சிறு ஊர் வரை நாற்பதுக்கும் மேற்பட்ட லாக்குகள் ஆற்றைப் படிக்கட்டு போல் பிரித்து வைத்திருக்கின்றன. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட நீர்த்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு லாக்கின் பக்கத்திலும் ஒரு தடுப்பணை இருக்கும்.

லெச்லேடிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை சுமார் 50 கி.மீ. தேம்ஸிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த பகுதி இதுதான். புல்வெளி, வில்லோ மரங்கள், மாடுகள், 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்பார்த்துக் கட்டிய கான்கிரீட் காவலறைகள், எப்போதாவது ஒரு பழைய கல்பாலம். வனம் என்று சொல்ல முடியாது. ஆனால் மணிக்கணக்கில் ஒரு வீடும் கண்ணில் படாது.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். பஸ்காட் லாக்கைத் தாண்டினால் கரையில் கெல்ம்ஸ்காட் கிராமம். வில்லியம் மாரிஸ் 1871 முதல் அங்கே ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். 1880-இல் தன் லண்டன் வீட்டிலிருந்து ஆற்று வழியாகவே குடும்பத்துடனும் நண்பர்களுடனும் அங்கே போனார். 1890-இல் எழுதிய 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' நாவலை அதே நதிப் பயணத்தில் முடித்தார். பயணத்தின் மறுமுனையில், ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சற்று மேலே காட்ஸ்டோ. 1862 ஜூலை 4 அன்று லூயிஸ் கேரல் மூன்று சிறுமிகளோடு அங்கே படகில் போகும்போது சொன்ன கதைதான் பின்னால் 'ஆலிஸ்' ஆனது.

சுமையின் கணக்கு

நாங்கள் வாங்கியது பழைய பிளாஸ்டிக் கனூ. பதினாறு அடி நீளம், 38 கிலோ எடை. அதோடு கூடாரம், உறங்குபைகள், அடுப்பு, தண்ணீர், சாப்பாடு.

லாக்குகளில் கனூவை உள்ளே விட்டு இறங்க முடியும். ஆனால் பெரிய படகுகளோடு காத்திருக்க வேண்டும். சுவரோரம் நீர் கொந்தளிக்கும்போது சிறு படகு ஆடும். அதனால் சுமந்து கடப்பதே வழி என்று முடிவு செய்தோம். லெச்லேடிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்னி வரை 12 லாக்குகள், 12 சுமப்புகள்.

இங்கேதான் புதியவர்கள் கணக்கில் தவறுகிறார்கள். ஒரு சுமப்பின் தூரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடிந்தால் 150 மீட்டர்தான் நடை. இரண்டு நடையாகத் தூக்க வேண்டியிருந்தால் 300 அல்ல, 450 மீட்டர். கனூவோடு ஒருமுறை போய், வெறுங்கையோடு திரும்பி, மூட்டையோடு மறுபடி போக வேண்டும். மூன்று நடை என்றால் ஐந்து மடங்கு. அதாவது நடைகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். பன்னிரண்டு லாக்குகளுக்கு ஒரே நடையில் 1.8 கி.மீ., மூன்று நடையில் 9 கி.மீ. பையில் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் எங்கே வந்து கடிக்கும் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது. மடக்கு நாற்காலிகளை அன்றே வீட்டில் விட்டோம். கனூவை வைத்துத் தள்ளும் சிறிய தள்ளுவண்டி ஒன்று வாங்கினோம். மொத்தச் செலவில் மிகவும் உபயோகமானது அதுதான்.

படகைச் சுமப்பதை ஒரு பந்தயமாகவே இங்கே நடத்துகிறார்கள். டிவைசஸ் என்ற ஊரிலிருந்து கால்வாய் வழியாகவும் தேம்ஸ் வழியாகவும் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை 125 மைல், 77 சுமப்புகள். 1948 ஈஸ்டரில் டிவைசஸ் சாரணர் நால்வர் நூறு மணி நேரத்துக்குள் போய்ச் சேருவோம் என்று பந்தயம் கட்டி, சாப்பாடும் கூடாரமும் கூடவே எடுத்துக்கொண்டு கிளம்பியதில் ஆரம்பித்தது. 90 மணிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். 1979-இல் ஒரு ஜோடி அதே தூரத்தை 15 மணி 34 நிமிடத்தில் முடித்தது. அதைப் படித்துவிட்டு நம் கால அட்டவணையைப் போடக் கூடாது.

எங்கள் அட்டவணை: துடுப்புப் போடும் வேகம் மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு சுமப்புக்கும் 20 நிமிடம். முதல் நாள் லெச்லேடிலிருந்து ரஷி லாக் வரை சுமார் 16 கி.மீ., நான்கு சுமப்புகள். இரண்டாம் நாள் பிங்க்ஹில் லாக் வரை சுமார் 22 கி.மீ., மூன்று சுமப்புகள். கடைசி நாள் ஆக்ஸ்ஃபோர்டு வரை சுமார் 12 கி.மீ., ஐந்து சுமப்புகள். நீண்ட நாள்கூட ஐந்தரை மணி நேர வேலைதான். மென்பொருள் துறைப் பழக்கத்தில் அதை ஒன்றரையால் பெருக்கி வைத்தேன். அந்தப் பெருக்கல் சரியாக வந்தது.

இரவும் அடுப்பும்

ஆற்றை நிர்வகிக்கும் சுற்றுச்சூழல் முகமை சில லாக்குகளில் கூடாரம் அடிக்க இடம் தருகிறது. எல்லா லாக்கிலும் இல்லை, இடமும் குறைவு. எனவே முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அதே முகமையிடம் படகைப் பதிவு செய்வதும் கட்டாயம். முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்றிருந்து 2024-இல் பேடில் யூகே என்று பெயர் மாறிய அமைப்பில் உறுப்பினரானால் அந்த உரிமமும் சேர்ந்தே கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு. லாக் புல்வெளியில் விறகு மூட்டுவது பற்றி நினைக்கவே வேண்டாம். அவல், புளிக்காய்ச்சல், ரசப்பொடி, இட்லிப்பொடி, வறுத்த ரவை என்று நம் சமையலறையே இதற்காகப் பிறந்தது போல் இருக்கிறது. எடை குறைவு, கெடாது, கொதிநீர் போதும். ஆற்று நீரைக் குடிக்கக் கூடாது. மழை நாட்களில் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. எலிகளின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் வரும் அபாயமும் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி போட்டுத்தான் துடுப்பைத் தொட வேண்டும்.

மீன்குழம்புக் கனவு

நண்பர் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே மீனுக்காகத்தான். வீட்டிலிருந்து மிளகாய்த்தூள், புளி எல்லாம் கட்டி வைத்துவிட்டார். சட்டத்தைப் படிப்பது என் வேலையாயிற்று.

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட யாரும் தூண்டில் போட உரிமம் எடுக்க வேண்டும். பதினாறு வயது வரை அது இலவசம், ஆனாலும் எடுத்தாக வேண்டும். உரிமம் இருந்தாலும் அந்தக் கரையில் மீன்பிடி உரிமை யாருக்கோ அவருடைய அனுமதி தனி. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் பைக், பெர்ச், ரோச் போன்ற நன்னீர் மீன்களைப் பிடிக்கக் கூடாது, அது முட்டையிடும் காலம். மீதி மாதங்களில் பிடித்தாலும், நாளுக்கு 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத பைக் ஒன்று, 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு மீன்கள் பதினைந்து, இவ்வளவுதான் எடுத்துப்போகலாம். விலாங்கு கிடைத்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். இதற்கு மேல் இங்குள்ளவர்களின் வழக்கம் ஒன்று உண்டு. பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, நீரிலேயே விட்டுவிடுவார்கள்.

"திருப்பி விடுறதுக்கு எதுக்குத் தம்பி பிடிக்கிறது?" என்று நண்பர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சிவப்புப் பலகை

முதல் முறை கிளம்பியது ஒரு ஈஸ்டர் விடுமுறையில். மீன்பிடி மூடிய காலம் என்பதை அப்போது நான் படித்திருக்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன்.

அதற்கு முந்தைய இரு வாரங்கள் நல்ல மழை. கிளம்பிய நாளில் பளிச்சென்று வெயில். நண்பரின் வேன் கூரையில் கனூவைக் கட்டிக்கொண்டு லெச்லேடு போய்ச் சேர்ந்தோம். அங்கே செயின்ட் ஜான்ஸ் லாக்கின் கதவில் சிவப்புப் பலகை தொங்கியது. நீரோட்டம் எவ்வளவு கடுமை என்பதை முகமை லாக்குகளில் பலகை வைத்து அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் இயந்திரம் இல்லாத படகுகள் இறங்க வேண்டாம். சிவப்பு என்றால் யாரும் வேண்டாம். இணையத்திலும் இதைப் பார்க்கலாம். நான் வானிலையை மட்டும் பார்த்தேனே தவிர ஆற்றைப் பார்க்கவில்லை. மேலே வெயிலடித்தாலும் ஊறிய நிலம் நீரை மெல்ல மெல்லத்தான் விடும். ஆறு வடிய நாட்கள் ஆகும்.

பயந்தவன் என்று மேலே எழுதிய நான்தான் அன்று போகலாம் என்று வாதாடினேன். விடுப்பு எடுத்தாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, நீர் வேகமாக ஓடினால் சீக்கிரம் போய்விடலாமே என்றெல்லாம் சொன்னேன். இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நண்பர் பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில், ஒரு முழு மரக்கிளை சுழன்றுகொண்டு போயிற்று. பிறகு சொன்னார்: "கடலுக்குப் போறவன் முதல்ல திரும்பி வாற வழியைத்தான் பாக்கோணும் தம்பி. இதில நான் ஒரு வழியும் காணேல்ல. பிள்ளையும் நிக்கிறான்."

அந்தக் கிளையைப் பார்த்தபோது எனக்குக் காவிரி ஞாபகம் வந்தது. கனூவை மறுபடி வேனில் கட்டினோம்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் எதிலிருந்து தப்பினோம் என்று தெரிந்தது. தடுப்பணையின் மேலிருந்து விழும் நீர் அடியில் போய், மேலே வந்து, அணையை நோக்கியே திரும்ப உருளும். அதில் விழுந்தவரை அது வெளியே விடாது, மிதவைச் சட்டை இருந்தாலும். வேகமான ஆற்றில் லாக்குக்கு முன் கரையேறத் தவறினால் அடுத்து வருவது அந்த அணைதான். இன்னொன்று குளிர். 15 டிகிரிக்குக் குறைவான நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீரைத்தான் இழுப்போம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் முதல் சில நிமிடங்களிலேயே இப்படித்தான் மூழ்குகிறார்கள். விழுந்தவுடன் நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே உயிர்காப்புப் படகுச் சங்கம் சொல்லும் பாடம். இங்கே ஏப்ரல் வெயிலில் தோல் சுடலாம், ஆற்று நீர் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும்.

அதன் பிறகு எங்கள் திட்டத்தில் ஒரு பக்கம் சேர்ந்தது. எந்தெந்த நிலையில் கிளம்ப மாட்டோம், எந்தப் பாலத்தில் பயணத்தை முறித்துக்கொண்டு சாலைக்கு ஏறலாம் என்பதை வீட்டிலேயே, ஆசை கண்ணை மறைக்காத நேரத்தில், எழுதி வைத்துவிடுவது. மஞ்சள் பலகை என்றாலே இல்லை. எதிர்காற்றில் துடுப்பு வேகம் பாதியானால் அடுத்த பாலத்தில் நிறுத்தம். மூவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது. ராட்காட் பாலம், டாட்போல் பாலம், நியூபிரிட்ஜ் என்று வெளியேறும் இடங்களைக் குறித்தோம். பயணத்தின் மற்ற பக்கங்களையெல்லாம்விட இந்தப் பக்கம் சிறியது. ஆனால் இதுதான் திட்டம், மற்றவை பட்டியல்.

மறுபடியும்

அடுத்த ஆண்டு ஜூன் கடைசி வாரம் போனோம். இடையில் மூவரும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய், வேண்டுமென்றே கனூவைக் கவிழ்த்து, மல்லாந்து மிதக்கக் கற்றோம். மிதவைச் சட்டையை மூன்று நாளும் கழற்றவில்லை. உடைகளை நீர் புகாத பைகளில் கட்டி, பைகளைப் படகோடு கட்டினோம்.

ஆறு அந்த ஆறுதானா என்று சந்தேகமாக இருந்தது. கண்ணாடி போல் கிடந்தது. தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளியது. ரஷியில் முதல் இரவு, பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. இரண்டாம் நாள் மதியம், அனுமதி வாங்கியிருந்த ஒரு கரையில் பையன் ஒரு பெர்ச் பிடித்தான். உள்ளங்கை அளவு, முதுகில் கறுப்புப் பட்டைகள், செந்நிறச் செதில்துடுப்பு. சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். நண்பர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகனிடம், "விடு, அது வளரட்டும்" என்றார். அன்று இரவு ரசமும் கருவாட்டுப் பொரியலும். கருவாட்டு வாசனை கூடாரத்தை விட்டுப் போக ஒரு மாதம் ஆயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டில் கரையேறியதும், நான் ரயிலில் ஸ்விண்டனும் அங்கிருந்து டாக்ஸியில் லெச்லேடும் போய் வேனை எடுத்து வந்தேன். லெச்லேடுக்கு ரயில் கிடையாது, அந்தப் பாதையில் பயணிகள் ரயில் 1962-இலேயே நின்றுவிட்டது. வண்டியை எந்த முனையில் விடுவது என்பதையும் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

உண்மையான வனம் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். 2003-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் ஏரிகளில் படகு விடவும் கரையில் கூடாரமடிக்கவும் அங்கே உரிமை உண்டு. ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னெஸ் வரை கிரேட் க்ளென் கனூப் பாதை சுமார் 96 கி.மீ. பனவியில் எட்டு லாக்குகள் அடுத்தடுத்துப் படிகளாக நிற்கும் 'நெப்டியூன் படிக்கட்டு', பிறகு லாக்கி, ஓயிக், நெஸ் என்று மூன்று ஏரிகள். நெஸ் ஏரி 37 கி.மீ. நீளம், கிழக்கிலும் மேற்கிலும் மலைகள், காற்றெழுந்தால் கடல் போல் அலை. மகனுக்கு ஆசை. நண்பரும் நானும் அந்தச் சின்னப் பக்கத்தை எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

கடைசி லாக்கில் ஒரு சம்பவம். ஆஸ்னியில் தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. வேறு வழியில்லாமல் நண்பரும் நானும் கனூவைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தோம். பையன் பின்னால் வந்து படம் எடுத்தான். அன்றிரவு அதை ஊருக்கு அனுப்பினேன். முகம் தெரியாத, இரண்டு ஜோடிக் கால்கள் முளைத்த ஒரு படகு.

அப்பா உடனே கூப்பிட்டார். "ஒகேனக்கல் ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாகிட்ட இந்தப் படத்தை மட்டும் காட்டுறேன். தண்ணியில இருக்கிற படம் எதுவும் அனுப்பாதே" என்றார்.